செய்தவர் குரல்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு, செய்தவர் யார் என்று தானே சொல்லாத எந்தப் பொருளையும் நல்லூரணியில் ஒரு கடையிலும் விற்க முடியாது. கல்லா திறக்காது. ஆளில்லா வண்டிகள் அதை ஏற்றிக்கொள்ளாது.

தமயந்தி லேபிள் அச்சடிக்கும் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது ஓடவில்லை. அவளுக்குப் பின்னால் அக்கா பொற்கொடி பெரிய வாணலியில் எள் வறுத்துக்கொண்டிருந்தாள். எள் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பொற்கொடி இருக்கும் இடத்தில் அப்படி ஒரு அமைதி வழக்கமில்லை.

அவர்களுடைய 'கதிர் எள்ளுப் பொடி' எட்டு வருடங்களாக ஊர்க் கடைகளில் விற்கிறது. அக்கா, தங்கை, இன்னும் ஆறு பெண்கள். இரண்டு அறை வீடு, ஒரு அரவை எந்திரம்.

மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த மாடத்தி ஒரு பாக்கெட்டை எடுத்து, பின்பக்கத்துக் கறுப்புக் கோடுகளைப் பார்த்தாள்.

"ஏம்மா தமயந்தி, இந்தக் கோட்டுக்குள்ள நம்ம வீட்டு அட்ரஸ் இருக்கா?"

"இல்ல மாடத்தியக்கா. வெறும் எண்தான். பதிமூணு இலக்கம்."

"எட்டு ஒம்பது சைபர்னு ஆரம்பிக்குதே, அது?"

"இந்தியாவுல பதிஞ்ச எண்ணுன்னு அர்த்தம். இங்க செஞ்சதுன்னு கூட இல்ல. அடுத்தாப்ல வர்றது எண் வாங்கின கம்பெனி. அப்புறம் பொருள். கடைசி இலக்கம் சரிபாக்கிறதுக்கு. முன்னால உள்ள பன்னெண்டுல ஏதாவது ஒண்ணு தப்பா இருந்தா அது காட்டிக் குடுத்துரும்."

"அப்ப இத்தன நாளா நம்மளப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்ல. 'எள்ளுப் பொடி, இருநூறு கிராம்'. அவ்வளவுதான்."

"அதுதான் இத்தன நாளு வித்துருக்கு" என்றாள் பொற்கொடி, திரும்பாமல்.

இனி அப்படி இல்லை. புதிய ஏற்பாட்டுக்குத் தடம் என்று பெயர். கோட்டின் மேல் கைபேசியைக் காட்டினால் போதும், செய்தவரே பேசுவார். பெயர், கதவு எண், தெரு, ஊர். அரை நிமிடம். அவர் வாசலின் படமும் தெரியும். கலப்படம் ஒழியும், சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு முகம் கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னது. கண்ணில் நீர் வரவைக்கும் விளம்பரம். அதில் ஒரு தேன் எடுப்பவர் சிரித்தார்.

ஏமாற்ற முடியாது. குரல் பதியும் வாசலிலேயே பொருளைச் செய்யும் எந்திரமும் இருக்க வேண்டும். எந்திரத்துக்கும் ஒரு எண் உண்டு.

போன மாதம் முன்னோட்டத்துக்காகச் சிலரைச் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கனகமணி சேர்ந்தாள். தோசை மாவு அரைப்பவள். அவளுக்குக் குரல் நல்ல குரல். சந்தோஷமாகப் பேசினாள். முதல் நாள் அறுபது பேர் அவள் மாவை எடுத்தார்கள். கைபேசியைக் காட்டினார்கள், கேட்டார்கள், திரும்ப வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சண்டை இல்லை, வசவு இல்லை. தடம் மட்டும் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியது: 'உங்கள் பொருள் அதிகமாகக் கையில் எடுக்கப்படுகிறது. விலையைக் குறைத்துப் பாருங்கள்.'

குறைத்தாள். எடுத்தார்கள், கேட்டார்கள், வைத்தார்கள்.

இப்போது கனகமணி பஸ் நிலையத்தருகே ஒரு ஓட்டலின் பின்கட்டில் மாவு அரைக்கிறாள். அதே கை, அதே பக்குவம். முன்பக்கத்தில் அதே ஊர் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறது. தோசைக்கல்லுக்குப் பார்கோடு கிடையாது.

*

மூன்று மணிக்கு ஒரு கார் வந்து தெருமுனையில் நின்றது. அதிலிருந்து திருமலையப்பன் இறங்கி நடந்து வந்தார். நாற்பது வயதுக்காரர், மரியாதையாகப் பேசுபவர். அவர்களுடைய பார்கோடு எண்கள் அவர் குடும்பத்துடையவை. தாத்தா தீப்பெட்டிக் கம்பெனி நடத்தியபோது வாங்கிய எண்களில் கம்பெனி மூடிய பிறகு சில மிச்சம் கிடந்தன. எட்டு வருடங்களுக்கு முன் அதில் பத்தைப் பொற்கொடிக்கு மலிவாகக் கொடுத்திருந்தார். சொந்தமாக எண் வாங்கும் வசதி அப்போது அவர்களுக்கு இல்லை.

மாடத்தி ஒரு நாற்காலியைத் துடைத்து வாசலில் போட்டாள்.

"இருக்கட்டும்மா. கார்லயே உக்காந்து வந்தாச்சு. நிக்கதே நல்லாருக்கு."

"தண்ணி?"

"இப்பதான் குடிச்சேன்."

பொற்கொடி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதீங்க" என்றார் திருமலையப்பன். "எண் எங்களுது. அதனால செய்தவர்னு எங்க பேரையே போட்டுருவோம். மேலரத வீதி. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்ப மாதிரியே விக்கும்."

"அப்ப நாங்க யாரு?"

"நீங்க எங்களுக்கு அரைச்சுக் குடுக்கிறவங்க."

"எட்டு வருசமா சொந்தமா அரைச்சேன். ஒரே நாள்ல உங்களுக்கு அரைச்சவளா ஆயிட்டனா?"

"பேர்தானம்மா. உங்க கைக்கு வர்றது குறையாது. என் வாக்கு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அரவை எந்திரத்த மட்டும் நாளைக்கு எங்க வீட்டு ஷெட்டுக்குக் கொண்டாந்துருங்க. ஒரு நாள் இருந்தாப் போதும். அரை நிமிசம் எங்க வீட்ல பேசிருவாங்க. பாட்டு கத்துக்கிட்டவங்க. கணீர்னு இருக்கும்."

தமயந்தி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஆட்கள் வந்தால் அவள் நிற்கும் இடம் அதுதான்.

"பின்பக்கம் கேட் இருக்கு" என்றார் திருமலையப்பன். "அந்த வழியாக் கொண்டாந்தா சுலபமா இருக்கும்."

பொற்கொடி என்ன சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். எடை குறைத்த தராசுக்காரனைச் சந்தை நடுவில் வைத்துக் கேள்வி கேட்டவள் அவள். பஞ்சாயத்துத் தலைவரை "வாங்க தம்பி" என்று கூப்பிட்டவள்.

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்றாள்.

கார் போன பிறகு மாடத்தி கேட்டாள்: "என்ன பொற்கொடி, வாயில எள்ளு அடைச்சிருக்கோ?"

"ஆறு வீட்டு அடுப்பு எரியணும்லா மாடத்தி."

"எங்க அடுப்பச் சொல்லி நீ எதுக்கு வாய மூடுத?"

பொற்கொடி உள்ளே போனாள். வாணலியில் எள் கருகிப்போயிருந்தது. எட்டு வருடத்தில் அது முதல் தடவை.

*

மறுநாள் காலை தமயந்தி கோமதிநாயகம் அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். ஊரில் பெரிய கடை. அவர்கள் பொடியை முதலில் வாங்கி விற்றவர் அவர்தான்.

கடை முழுக்கச் சன்னமாகப் பேச்சுச் சத்தம். ஆட்கள் பாக்கெட்டுகளைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னோட்டப் பொருள்கள். ஒரு பெண் கருப்பட்டி டப்பா சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்க ஊர்ப் பக்கம்ங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு இரண்டு டப்பாக்களைக் கூடையில் போட்டாள். தமயந்தி அவளையே பார்த்தாள். அவளுடைய கூடையில் ஏற்கெனவே ஒரு கதிர் எள்ளுப் பொடி இருந்தது. இன்னும் ஊமையாக.

"வாம்மா, விஞ்ஞானி" என்றார் அண்ணாச்சி. "அக்கா எங்க? சத்தத்தையே காணும்."

"வீட்ல இருக்கா அண்ணாச்சி."

"மேலரத வீதிக்காரர் வந்தாராமே."

"தெரியுமா?"

"இந்த ஊர்ல எனக்குத் தெரியாம எது நடக்கும்?" அவர் கல்லாவை விட்டு எழுந்து அவளை அரிசி மூட்டைகள் பக்கம் அழைத்துப் போனார். "அவர்கிட்டப் போவாண்டாம். நான் ஒரு வழி சொல்லுதேன். உங்க மொத லேபிள் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. முதன்முதலாக லேபிள் அடித்தபோது, கறுப்புக் கோடு துக்கக் காரியத்துக்கு அடித்த மாதிரி இருக்கிறது, ஆரம்பமே அபசகுனமா என்று பொற்கொடி கோடுகளைக் குங்குமச் சிவப்பில் அடிக்கச் சொல்லிவிட்டாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கடையில் வைத்தபோது கருவி ஒன்றையும் படிக்கவில்லை. அது பாய்ச்சுவது சிவப்பு விளக்கு. சிவப்பு விளக்கில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ஒளி பற்றிப் படித்துக்கொண்டிருந்த தமயந்திக்கு அப்போதுதான் அந்தப் பாடம் புரிந்தது.

"தடமும் அதே சிவப்பு விளக்குலதான் படிக்குது" என்றார் அண்ணாச்சி. "எவன் சிக்கனம் பண்ணானோ. கைபேசிக்கும் அதே வெளிச்சந்தான். நீங்க மறுபடியும் சிவப்புல அடிச்சிருங்க. மெஷின் படிக்காது. கோடு படிக்கலன்னா எண்ணக் கையால அடிக்கலாம்னு சட்டத்துல இருக்கு. நான் கையால அடிச்சு விக்கேன். கையால அடிச்சாக் குரல் வராது. படமும் வராது. எப்பிடி?"

நல்ல வழிதான். அவள் மனதுக்குள் அதைச் சரிபார்த்தாள். எங்கும் பிழை இல்லை.

"பதிவு செய்யணுமே அண்ணாச்சி."

"பதிஞ்சுக்கோ. உள்ள என்ன வேணும்னாலும் இருக்கட்டும். யார் காதுலயும் விழாது. எட்டு வருசமா விக்கேன், ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருப்பனா, இது எங்கருந்து வருதுன்னு? கேட்டவங்ககிட்டக்கூட சொன்னதில்ல."

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. உண்மையாகவே உதவி செய்கிறவரின் முகம்.

தமயந்தி செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க சாப்பிட்டிருக்கீங்களா அண்ணாச்சி?"

"எத?"

"எங்க பொடிய."

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாங்க. வாரத்துக்கு எத்தன போகுதுன்னு நீயே…"

"நீங்க."

அவர் ஓர் அரிசி மூட்டையின் காதை இழுத்து நிமிர்த்தினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"வீட்ல அம்மா இருக்கா. பழைய ஆளு."

"அம்மாவுக்குத் தெரியுமா, இது எங்க அரைக்கிறதுன்னு?"

"அவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அண்ணாச்சி. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்லா."

*

வீட்டுக்கு வந்து அவள் லேபிள் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பொற்கொடி வந்து நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

சிவப்பு மையைப் பற்றிச் சொன்னாள். பொற்கொடியின் முகம் தெளிந்தது.

"நல்ல மனுசன். அதையே செய்வோம்."

தமயந்தி மிச்சத்தையும் சொன்னாள். காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. பிறகு கடைக்கோடியில் இருந்த பெண் ஒருத்தி, "நல்ல மனுசன்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். பொற்கொடி சிரிக்கவில்லை.

"நான் நமக்குன்னு சொந்தமா எண் வாங்கிட்டேன்" என்றாள் தமயந்தி. "ரெண்டு மாசமாச்சு. நம்ம பேர்ல. நம்ம வாசல்ல வச்சுப் பதியப் போறேன். கறுப்புல அடிக்கப் போறேன்."

"ஏட்டி, கனகமணி கதி தெரியும்லா?"

"தெரியும்."

"விக்கலன்னா?"

"விக்கலன்னா எதனால விக்கலன்னு எல்லாருக்கும் தெரியும். இத்தன நாளு நமக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு? அவங்களுக்கு வெக்கம் வந்துருமா?"

"வராது. எனக்கு வரக்கூடாதுல்ல?"

பொற்கொடி மற்ற ஆறு பேரையும் பார்த்தாள். "கேட்டியளா? படிச்சவ பேசுதா. வேல போனா நீங்கதான் தெருவுல நிக்கணும்."

மாடத்தி மிளகாய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வேல போனாப் போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். போகக்கூடாது. எனக்கு இது வேணும். ஆனா அந்தப் பின்கேட் வழியா எந்திரத்தத் தூக்கிட்டுப் போக என் கை வராது. வேற ஆளப் பாத்துக்கோ."

மற்றவர்கள் மாடத்தியைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் முறத்தை மாடத்தியின் முறத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அடுத்தவளும்.

பொற்கொடி அரவை எந்திரத்தின் அருகே போய் அதன் மேல் கை வைத்தாள். அரைத்து முடித்த சூடு இன்னும் இருந்தது.

"இது வெளிய எங்கயும் போகாது" என்றாள். பிறகு தங்கையிடம்: "நான் பேசினா வசவுதான் வரும். அதக் கேட்டுட்டு எவனும் வாங்க மாட்டான். நீ பேசு."

"நானா?"

"நீதான். பெட்டிக்கடையில பாக்கிச் சில்லறை கேக்கவே என்னக் கூட்டிட்டுப் போவ. ஆனா அண்ணாச்சிய நீ கேட்ட கேள்விய என்னால கேட்டிருக்க முடியாது."

*

அரவை எந்திரத்தை எட்டுப் பேரும் சேர்ந்து வாசல்வரை நகர்த்தினார்கள். முன்வாசல். தெருவில் ஆட்கள் கூடினார்கள். ஓட்டலில் மதிய வேலை முடிந்து வந்த கனகமணியும் நின்றாள்.

தமயந்தி கைபேசியில் புதிய எண்ணை அடித்தாள். கடைசி இலக்கத்தை அவளே கணக்குப் போட்டாள். எண்களை ஒன்றாலும் மூன்றாலும் மாற்றி மாற்றிப் பெருக்கி, கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாள். லேபிள் எந்திரமே அதைப் போட்டுத் தரும். இருந்தாலும் போட்டாள். சரியாக வந்தது.

தடம் கேட்டது: 'இந்தப் பொருளுக்குப் பழைய எண் உண்டா?'

"உண்டுன்னு சொன்னா என்ன ஆகும்?" என்றாள் பொற்கொடி.

"அரைச்ச எந்திரம் ஒண்ணுதானேன்னு பாக்கும். ஒண்ணுதான். அப்புறம் பழைய எண்ணையும் இதோட சேத்துரும். ஏற்கெனவே வித்த பாக்கெட்டும் பேசும்."

"கடையில கிடக்கதா?"

"வீட்ல இருக்கிறதும். இப்பதான் எல்லார் வீட்டு அடுக்களை அலமாரியும் தானாப் படிக்குதே, எது தீந்துபோச்சுன்னு பாக்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அது படிக்கும்போது, புதுசாக் குரல் வந்திருக்குன்னு போட்டுக் காட்டும்."

பொற்கொடி யோசித்தாள். "மேலரத வீதியிலயும்?"

"அங்கதான் நம்ம பொடி அதிகம் போகுது."

இரண்டு நாளில் பொற்கொடி முதல் தடவையாகச் சிரித்தாள். தெருமுனை வரை கேட்டது.

"உண்டுன்னு போடு" என்றாள். "லேபிள நல்லாக் கறுப்பா அடி."

தமயந்தி 'உண்டு' என்று தொட்டாள்.

'தெருவின் பெயர்: எழில் நகர். இதையே பயன்படுத்தலாமா?' என்றது தடம்.

எழில் நகர் என்பது தெருமுனையில் இருக்கும் தகரப் பலகை. அரசாங்கம் வைத்த பெயர். தபால்காரர்கூடச் சொன்னதில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இந்தத் தெருவுக்கு வேறு பெயர். அதை இரண்டு விதமாகத்தான் சொல்வார்கள். வைய வேண்டுமென்றால் உரக்க. வையாத நேரத்தில் குரலைத் தாழ்த்தி. அவள் கல்லூரியில் மூன்று வருடங்கள் படித்தபோது யாரும் கேட்டுவிடக்கூடாது என்று ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்றே சொல்லிவந்தாள்.

'வேண்டாம்' என்று தொட்டாள்.

'வாசலில் நின்று பேசவும்.'

பேசினாள். உதடுதான் அசைந்தது.

'குரல் போதவில்லை. உரக்கச் சொல்லவும்' என்றது தடம்.

தெருவில் யாரோ சிரித்தார்கள். கனகமணி "ச்சூ" என்று அடக்கினாள். தமயந்தி மறுபடி பேசினாள். தெருப் பெயர் வரும் இடத்தில் குரல் தானாகவே இறங்கியது. அவளுக்கே கேட்டது.

'தெருவின் பெயர் விளங்கவில்லை. உரக்கச் சொல்லவும்.'

"அதுகூட உரக்கச் சொல்லச் சொல்லுது" என்றாள் பொற்கொடி. அவள் வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. நின்றாள், அவ்வளவுதான். மறுபக்கம் மாடத்தி வந்தாள். அவள் கையிலிருந்து மிளகாய் நெடி அடித்தது.

தமயந்திக்குத் தும்மல் வந்தது. தும்மினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும். சிரித்து முடித்தபோது தொண்டை திறந்திருந்தது. கைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதுபோல் பேசினாள்.

"என் பேரு தமயந்தி. எங்க அக்கா பேரு பொற்கொடி. எட்டு வருசமா உங்க வீட்டு இட்லிக்கு இந்தப் பொடிய அரைக்கிறது நாங்கதான். பதினேழாம் நம்பர், பாறைக்குளம் சேரி, நல்லூரணி."